பத்துக்கு ஆறு

2014 டிசம்பர், கெய்ரோ. உலக மகளிர் சுவர்ப்பந்து இறுதியாட்டம் ஐந்தாவது கேமுக்கு வந்திருக்கிறது. பலகையில் 10–6. பத்தில் இருப்பவர் எகிப்தின் ரனீம் எல் வெலிலி. சொந்த நாட்டில், சொந்த மக்கள் முன்னால் ஆடுகிறார். ஆறில் நிற்பவர் பினாங்கில் பிறந்து வளர்ந்த நிக்கோல் டேவிட், வயது 31. ரனீமுக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி போதும். நிக்கோலோ நான்கு புள்ளிகளை வரிசையாக எடுத்தால்தான் சமநிலைக்கே வர முடியும். அதற்கு மேலும் இரண்டு எடுத்தால்தான் பட்டம்.

ஆறையும் எடுத்தார். நடுவில் ஒரு புள்ளியைக்கூட விடவில்லை. 5–11, 11–8, 7–11, 14–12, 12–10. அது அவருடைய எட்டாவது உலகப் பட்டம்.

அந்த வாரம் பினாங்குத் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்து மேசையில் இதைப் பற்றித்தான் பேச்சு. "அந்தப் பிள்ளைக்குத் தன்னம்பிக்கை ஜாஸ்திலா, அண்ணே" என்றார் ஒருவர். மற்றவர் தலையாட்டினார். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. பிறகு யோசித்துப் பார்த்தேன். அவருக்குத் தன்னம்பிக்கை அதிகம் என்று நமக்கு எப்படித் தெரியும்? வென்றார், அதனால் தெரியும். ஏன் வென்றார்? தன்னம்பிக்கை இருந்தது, அதனால் வென்றார். செக்கு மாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றி வருகிறோம்.

இந்தச் சுற்றல் எனக்கு நெடுநாள் பழக்கம். ஒன்பது வயதில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பேச்சுப் போட்டி மேடையில், மனப்பாடம் செய்த மூன்றாவது வாக்கியத்தில் நின்றுபோனேன். அடுத்த சொல் வரவே இல்லை. கீழே இறங்கியதும் ஆசிரியை அன்போடு தோளைத் தொட்டுச் சொன்னார்: "உனக்குத் தன்னம்பிக்கை பத்தலை, அய்யா. அது மட்டும் வந்துட்டா நீ எங்கேயோ போயிடுவே." அவர் சொன்னதை முழுதாக நம்பினேன். அது எங்கிருந்து வரும் என்று கேட்கத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குத்தான் இந்த அத்தியாயம்.

•

மூளை ஓயாமல் முன்கணக்குப் போடுகிற உறுப்பு. படியில் கால் வைக்கும் முன்பே படியின் உயரத்தைக் கணக்கிடுகிறது. எதிரே வருபவர் முகத்தைப் பார்த்ததும் அவர் பேசப்போகும் தொனியை ஊகிக்கிறது. இந்தக் கணக்குகளுக்கு அடியில் இன்னொரு கேள்வி எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது: நான் ஏதாவது செய்தால் நடப்பது மாறுமா? மாறும் என்று விடை வந்தால் உடல் முனைகிறது. மாறாது என்று விடை வந்தால் ஒதுங்குகிறது. "நம்மால முடியுமா" என்று நாம் வாய்விட்டுக் கேட்பது, உள்ளே முன்பே வந்துவிட்ட அந்த விடையின் எதிரொலி.

1967-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் என்ற இரண்டு இளம் ஆய்வாளர்கள் நாய்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இன்று அப்படியொரு சோதனைக்கு யாரும் எளிதில் அனுமதி தரமாட்டார்கள். ஒரு கூட்ட நாய்களுக்கு மின்னதிர்ச்சி. தலையால் ஒரு பலகையை அழுத்தினால் அது நின்றுவிடும். இரண்டாவது கூட்டத்துக்கும் அதே அளவு அதிர்ச்சி, அதே நேரம். ஆனால் அவை எதைச் செய்தாலும் நிற்காது. பிறகு எல்லா நாய்களையும் வேறொரு பெட்டிக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு தாழ்வான தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். முதல் கூட்டம் சட்டென்று தாண்டியது. இரண்டாவது கூட்டத்தில் பெரும்பாலானவை படுத்துக்கொண்டு முனகின. தாண்ட முயலவே இல்லை. அவை 'கையறு நிலையைக் கற்றுக்கொண்டன' என்று முடிவு கட்டினார்கள். உளவியல் பாடநூல்களெல்லாம் அரை நூற்றாண்டு அந்த முடிவைத்தான் சொல்லிக்கொடுத்தன.

பாடநூல் சொன்ன அந்த முடிவைத் தலைகீழாகத் திருப்பியவர்களும் இதே இருவர்தான். மேயர் பின்னாளில் நரம்பியலுக்குப் போனார். கொலராடோவில் எலிகளின் மூளையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். 2016-இல் செலிக்மனும் அவரும் சேர்ந்து, ஐம்பது ஆண்டுக்கு முன்பு தாங்கள் சொன்னதைத் திருத்தி எழுதினார்கள். தன் தவற்றைத் தானே தேடிப்போய்க் கண்டுபிடித்து உலகத்துக்கு அறிவிப்பது எந்தத் துறையிலும் அரிது. அதற்காகவே எனக்கு இவர்கள் மேல் பெரும் மதிப்பு.

அவர்கள் கண்டது இதுதான். நீண்ட துன்பம் வரும்போது மூளைத்தண்டில் உள்ள ராஃபே என்ற சிறிய நரம்பணுத் தொகுதி செரட்டோனினைப் பீய்ச்சி உடலை முடக்குகிறது. இது யாரும் கற்றுக்கொள்வதல்ல; பாலூட்டிகளின் பிறவி வழக்கம். சுருண்டு படு, ஆற்றலைச் சேமி, புயல் போகட்டும் என்பது அதன் கட்டளை. இந்த முடக்கத்தைத் தடுப்பது நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணியின் ஒரு பகுதி. 'நான் செய்ததால்தான் அது நின்றது' என்று அந்தப் பகுதி கண்டுகொண்டால் கீழே ராஃபேக்குக் கட்டளை அனுப்பி அதை அடக்குகிறது. அப்படியானால் அந்த நாய்கள் தோல்வியைக் கற்றுக்கொள்ளவில்லை. முதல் கூட்டம் கற்றுக்கொண்ட ஒன்றை இரண்டாவது கூட்டத்துக்குக் கற்கவே வாய்ப்பில்லை. அந்த ஒன்றுக்குத் தமிழில் அழகான சொல் இருக்கிறது: பிடி. "நிலைமை நம்ம பிடியில இருக்கு" என்று சொல்கிறோமே, அந்தப் பிடி.

இன்னொரு சேதியும் அந்த ஆய்வுகளில் இருக்கிறது. முதலில் பிடியை அனுபவித்த விலங்கு, பின்னர் பிடியே இல்லாத துன்பத்தில் மாட்டினாலும் எளிதில் முடங்குவதில்லை. தடுப்பூசி போட்டாற்போல் அந்தப் பழைய அனுபவம் உள்ளே நின்று வேலை செய்கிறது.

இதைப் படித்த நாளில் எனக்கு நினைவு வந்தது ஜெரஜாக் தீவு. பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடக்கும் சிறு தீவு. மலாயாவின் தோட்டங்களுக்கு வந்த தமிழர்களில் ஏராளமானோர் பினாங்குத் துறைமுகத்தில்தான் முதலில் கால் வைத்தார்கள்; நோய்த்தடுப்புக் காவல் என்று அந்தத் தீவில் வைத்திருந்து பிறகுதான் அனுப்பினார்கள். 1910 வரை ஒப்பந்தக் கூலி முறை, அதன் பின்னும் கங்காணி முறை. 1938-இல் இந்திய அரசு தடை போடும்வரை உதவிக் கட்டணத்தில் ஆள் அனுப்புவது நடந்தது. எந்தத் தோட்டம், எவ்வளவு கூலி, எந்த லயம் என்று எதையும் அவர்கள் தீர்மானிக்கவில்லை. என்ன உழைத்தாலும் நாளை மாறாது என்ற இடத்தில், "நமக்கு எதுக்குய்யா இதெல்லாம்" என்று ஒதுங்கியது அவர்களுடைய மூளையின் பழுதல்ல. அது நிலைமையைச் சரியாகவே கணக்கிட்டது. அந்தப் பழைய கணக்கு, நிலைமை மாறிய பிறகும் வீட்டுப் பேச்சில் தொடர்கிறது என்பதுதான் துயரம். "நம்ம பிள்ளைங்களுக்கு இதெல்லாம் வராது" என்று இன்றும் யாராவது சொல்லும்போது, எழுபது எண்பது வருடத்துக்கு முந்தைய ஒரு லயத்துக் கதவு திறப்பதைப் போல் இருக்கிறது எனக்கு.

•

பிடி எப்படி வரும் என்று மனிதர்களிடம் தேடிப்பார்த்தவர் ஆல்பர்ட் பண்டூரா. கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் 1925-இல் பிறந்து, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வாழ்நாளைக் கழித்தவர். அவர் எடுத்துக்கொண்ட மனிதர்கள், பாம்பைக் கண்டால் உயிரே போய்விடும் என்று நடுங்குகிறவர்கள். பாம்பு வந்துவிடுமோ என்று தோட்ட வேலையை, மலையேற்றத்தை எல்லாம் விட்டுவிட்டவர்கள்.

பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கும் பாம்புக் கோயிலுக்கு வெளியூர் விருந்தினரை அழைத்துப் போகாத குடும்பம் இங்கே அபூர்வம். 1850-இல் கட்டிய சீனக் கோயில். கிளைகளில் பச்சையும் மஞ்சளுமாக விரியன்கள் சுருண்டு கிடக்கும். வாசலிலேயே நின்றுவிடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் "ஒண்ணும் பண்ணாது, வாங்க" என்று எத்தனை தடவை சொன்னாலும் கால் நகராது.

பண்டூரா சொல்வதை விட்டுவிட்டார். முதலில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒருவர் பாம்பைக் கையாள்வதைப் பார்க்கவைத்தார். பிறகு அறைக்குள் வருவது, பிறகு உறை போட்ட கையால் தொடுவது, பிறகு வெறுங்கையால். ஒவ்வொரு படியிலும் பக்கத்தில் ஒரு வழிகாட்டி. கடைசியில் மடியில் பாம்பு. வருடக்கணக்கான பயம் சில மணி நேரத்தில் கரைந்தது. அதைவிடப் பண்டூராவை வியக்கவைத்தது, அவர்களில் பலர் பாம்புக்குச் சம்பந்தமே இல்லாத காரியங்களிலும் துணிந்தார்கள் என்பது. 'இதையே செய்துவிட்டேன், அதையும் பார்க்கலாம்' என்ற எண்ணம் அவர்களுக்குள் இடம் மாறி நடந்தது. 1977-இல் இதை ஒரு கோட்பாடாக எழுதினார். ஒரு குறிப்பிட்ட காரியத்தை என்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு ஊற்றுகளிலிருந்து வருகிறது என்றார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்த்தது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், தன் உடல் தரும் சைகைகள். நான்கில் வலுவானது முதலாவது. ஆசிரியை எனக்குத் தந்தது மூன்றாவது. அன்பாகத்தான் தந்தார், ஆனால் தனியாக நிற்க அதற்குப் பலம் போதாது.

சொல்லின் வரம்பைக் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோவான் வுட் 2009-இல் அளந்தும் காட்டினார். 'நான் அன்புக்குரியவன்' என்று திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னபோது, ஏற்கெனவே தன்மதிப்பு உயர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது. தாழ்ந்திருந்தவர்களுக்கு முன்னைவிட மோசமாயிற்று. சொல்லுக்கும் உள்ளே இருக்கும் கணக்குக்கும் இடைவெளி அதிகமானால், மனம் அந்தச் சொல்லுக்கு எதிராகவே சாட்சிகளைத் திரட்டத் தொடங்குகிறது. கண்ணாடி முன் நின்று "என்னால் முடியும்" என்று கத்தச் சொல்லும் முகாம்களுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். யாருக்கு அது அதிகம் தேவையோ, அவரையே அது காயப்படுத்தக்கூடும்.

இப்போது புக்கிட் டும்பாருக்கு வாருங்கள். குளுகோர் பக்கம், குன்றோரம் இருக்கும் அந்தச் சுவர்ப்பந்து மையம் இன்று நிக்கோல் டேவிட் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்திய வம்சாவளித் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் 1983 ஆகஸ்டில் பிறந்த மூன்றாவது பெண். ஐந்து வயதில் மட்டையைப் பிடித்தவர். சுவர்ப்பந்துக் கூடத்தின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். நான்கு பக்கமும் சுவர். ஒரு பிள்ளைக்கு அதைவிட நேர்மையான ஆசிரியர் கிடைப்பது கடினம் என்பேன். அடித்த பந்து எங்கே போனது என்பதை அரை நொடியில் சுவர் சொல்லிவிடும். நீ செய்தாய், இது நடந்தது. திரும்பச் செய்தாய், இது மாறியது. முன்மூளைப் புறணிக்கு வேண்டிய சேதி அதுதான். ஒரு மாலைப்பொழுதில் நூற்றுக்கணக்கான தடவை அது கிடைக்கிறது.

இரண்டாவது ஊற்றும் பினாங்கில் இருந்தது. 1998-இல் உலக இளையோர் ஆண்கள் பட்டத்தை வென்றவர் ஓங் பெங் ஹீ. அவரும் பினாங்குப் பையன்தான், நிக்கோலைவிட மூன்று வயது மூத்தவர். எங்கோ இங்கிலாந்திலோ பாகிஸ்தானிலோ ஒருவர் உலகப் பட்டம் வெல்வதற்கும், நம் ஊர்ப் பிள்ளை வெல்வதற்கும் ஒரு சிறுமியின் மூளை போடும் கணக்கில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. அடுத்த ஆண்டே, 1999-இல், பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரில் நிக்கோல் உலக இளையோர் பட்டத்தை வென்றார். அப்போது வயது 15. 2001-இல் மறுபடியும், இந்த முறை சொந்த ஊர் பினாங்கிலேயே. அதற்கு முன் எந்தப் பெண்ணும் இருமுறை வென்றதில்லை.

•

பிடி ஒருமுறை வந்துவிட்டால் போகாது என்று எண்ணிவிடக் கூடாது. 1998 பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றிருந்த நிக்கோல், 2002 பூசானில் ஹாங்காங்கின் ரெபெக்கா சியூவிடம் இறுதியாட்டத்தில் தோற்றார். பெரியவர்கள் களத்தில் இளையோர் பட்டங்கள் செல்லுபடியாகவில்லை. வீட்டை விட்டு ஆம்ஸ்டர்டாமுக்குப் போய், ஆஸ்திரேலியாவின் முன்னாள் ஆட்டக்காரி லிஸ் ஏர்விங்கிடம் அடியிலிருந்து மறுபடி கற்கத் தொடங்கினார். 2005-இல் ஹாங்காங்கில் முதல் உலகப் பட்டம். 2006 ஆகஸ்டில் பிடித்த முதலிடத்தை 108 மாதங்கள் தொடர்ந்து விடவில்லை. நடுவில் இருந்த அந்த ஆண்டுகளைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் இரண்டு வரிதான் இருக்கும். எனக்கோ பட்டங்களைவிட அவைதான் முக்கியமாகப் படுகின்றன. உலக இளையோர் வெற்றியாளர் என்ற பெயரோடு போய், உன் அடியை மாற்று என்று ஒருவர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது சின்னக் காரியமில்லை.

சந்தேகம் முழுதும் அகல வேண்டுமா என்பதும் இங்கே எழுகிறது. வேல்ஸ் நாட்டின் பாங்கர் பல்கலைக்கழகத்தில் டிம் வுட்மன் குழு 2010-இல் கயிறு தாண்டுவதில் தேர்ந்தவர்களிடம் ஒரு சோதனை செய்தது. ஒரு கூட்டத்தின் நம்பிக்கையை லேசாகக் குறைத்தார்கள். அவர்கள் முன்பைவிட நன்றாகத் தாண்டினார்கள். திறமையும் பயிற்சியும் உள்ள ஒருவருக்குத் துளி ஐயம் கூடுதல் முயற்சியைக் கொண்டுவருகிறது. சமையலில் உப்பைப் பற்றி நாம் எல்லோரும் அறிந்ததுதான். ஆக, விட வேண்டியது 'இன்னும் சரியாகச் செய்யலாமே' என்ற ஐயத்தை அல்ல. 'நான் செய்து என்ன ஆகப்போகிறது' என்ற ஐயத்தை. முதலாவது பயிற்சிக் கூடத்துக்கு இழுக்கிறது, இரண்டாவது படுக்கையில் கிடத்துகிறது.

ஆனால் பயிற்சிக் கூடத்தில் உதவும் ஐயம், ஆட்டத்தின் நடுவே வந்தால் கதை வேறு. ஜார்ஜ்டவுனில் எந்த மாமாக் கடையிலும் ரொட்டி சானாய் போடுபவரைப் பாருங்கள். மாவை விரித்து, காற்றில் சுழற்றி, தாவணி போல் மெல்லியதாக்கிக் கல்லில் விடுகிறார், பக்கத்திலிருப்பவரிடம் பேசிக்கொண்டே. அவரிடம் போய், "மணிக்கட்டை எந்த நேரத்தில் திருப்புகிறீர்கள்?" என்று கேட்டு அதைக் கவனித்துக்கொண்டே போடச் சொல்லுங்கள். மாவு கிழியும்.

அமெரிக்க ஆய்வாளர் சியான் பைலாக் 2000-களின் தொடக்கத்தில் இதைக் கால்பந்திலும் கோல்ஃபிலும் ஆராய்ந்தார். தேர்ந்த கால்பந்துக்காரர்களைக் கூம்புகளுக்கு இடையே பந்தை உருட்டிப் போகச் சொன்னார். காலின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னபோது வலது காலின் வேகம் குறைந்தது. வேறெதையோ காதில் கேட்டுக்கொண்டே ஓடியபோது குறையவில்லை. பழகாத இடது காலிலோ நேர்மாறு. அங்கே கவனிப்பு உதவியது. கற்கும்போது ஒவ்வொரு அசைவையும் கண்காணிக்க வேண்டும். கற்று முடித்தபின் அந்தக் கண்காணிப்பே இடறல். பதற்றமும் தன்மேல் ஐயமும் செய்வது இதைத்தான்: தானாக ஓடும் கைத்திறனின் நடுவே மேற்பார்வையாளரைக் கொண்டுவந்து நிறுத்துகின்றன. ஒன்பது வயதில் மேடையில் எனக்கு நேர்ந்தது அதுதான் என்று இப்போது விளங்குகிறது. மூன்றாம் வாக்கியம் மறக்கவில்லை. 'மறந்துவிடுமோ' என்று அதைத் திரும்பிப் பார்த்தேன்.

10–6 என்ற நிலையில் 'நான்கு புள்ளி' என்று நினைப்பவரால் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்க முடியாது. நான்கு புள்ளி என்பது கூடத்தில் எங்கும் இல்லை; பலகையில்தான் இருக்கிறது. கூடத்தில் இருப்பது 24 கிராம் எடையுள்ள ஒரு கறுப்பு ரப்பர்ப் பந்து, எதிராளியின் தோள் திரும்பும் திசை, பின்மூலையில் திறந்து கிடக்கும் இடம். கவனத்தைத் தன் உடம்பிலிருந்து எடுத்து வெளியே உள்ள இலக்கில் வைப்பவர்களின் அசைவு சீராகிறது என்று ஆய்வாளர் கேப்ரியேல வுல்ஃப் 1998 முதல் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார். ஐயம் போனபின் கவனம் வெளியே வரும் என்றுதான் நாம் நினைக்கிறோம். நடப்பது பெரும்பாலும் மறுபக்கமாக: கவனம் வெளியே போன இடத்தில் ஐயத்துக்கு உட்கார நாற்காலி இல்லை.

•

உடலின் சைகை என்று பண்டூரா சொன்ன நான்காவது ஊற்றுக்குப் பினாங்கில் ஆண்டுக்கொரு முறை பெரிய ஆய்வுக்கூடம் திறக்கிறது. தைப்பூசம். பினாங்குத் தெருக் கோவில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் புறப்பட்டு, தேங்காய்கள் சிதறச் சிதற, தண்ணீர்ப் பந்தல்களைக் கடந்து தண்ணீர்மலை நோக்கிப் போகும். மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படிகள். காவடி எடுப்பவர் அலகு குத்திக்கொள்ள உட்காரும் நேரத்தில் அவர் கழுத்து நரம்பைக் கவனித்திருக்கிறீர்களா? இதயம் படபடவென்று அடிக்கும். உள்ளங்கை வேர்க்கும். மேடையேறும் முன் நடுங்கும் பிள்ளைக்கும் இதேதான். அட்ரினலின் ஒன்றே. வேறுபடுவது, சுற்றி நிற்பவர்கள் அதற்கு வைக்கும் பெயர். உறுமி மேளமும் "வேல் வேல்" முழக்கமும் அந்தப் படபடப்புக்கு 'அருள்' என்று பெயர் வைக்கின்றன. மேடைக்குக் கீழே நாம் அதற்குப் 'பயம்' என்று பெயர் வைக்கிறோம்.

பெயர் மாறினால் செயல் மாறுமா? ஹார்வர்டின் அலிசன் வுட் புரூக்ஸ் 2014-இல் சோதித்தார். மற்றவர் முன் பாட, பேச, கணக்குப் போட வேண்டியவர்களில் சிலரிடம் 'நான் அமைதியாக இருக்கிறேன்' என்றும், சிலரிடம் 'எனக்கு உற்சாகமாக இருக்கிறது' என்றும் சொல்லச் சொன்னார். உற்சாகம் என்றவர்களே நன்றாகச் செய்தார்கள். ஓடும் இதயத்தை அமைதி என்று அழைத்தால் உடல் ஏற்பதில்லை. உற்சாகம் என்றால் ஏற்கிறது, ஏனென்றால் உடலுக்கு அது பொய்யில்லை. மொரீஷியஸ் தீவில் காவடி எடுத்த தமிழர்களைத் திமித்ரிஸ் ஸிகலாட்டாஸ் குழு ஆராய்ந்து 2019-இல் வெளியிட்ட முடிவும் இந்தப் பக்கமே சாய்கிறது: அதிகம் அலகு குத்தியவர்களின் மனநலன் பின்னாட்களில் மேம்பட்டிருந்தது, உடலுக்குக் கேடு காணவில்லை. வேண்டி, விரதமிருந்து, நாள் குறித்து, தானே முன்வந்து ஏற்கும் வலி அது. பிடி கைவிட்டுப் போகவில்லை. நோயோ விபத்தோ கொண்டுவரும் வலியில் அது இல்லை.

•

விபத்து என்றதும் சிவசங்கரி சுப்பிரமணியத்தைச் சொல்லியாக வேண்டும். பினாங்குக்கு எதிர்க்கரையில், கெடாவின் சுங்கைப் பட்டாணியில் 1999-இல் பிறந்தவர். அவர் மட்டையைப் பிடித்துப் பழகிய காலம் முழுதும் உலகின் முதலிடத்தில் இருந்தவர் பக்கத்து ஊர்க்காரர், தன்னைப் போன்ற நிறமும் முகமும் உள்ளவர். பண்டூராவின் இரண்டாவது ஊற்று இதைவிடத் தெளிவாகப் பாய முடியாது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு இறுதியாட்டத்தில் அந்த நிக்கோலையே எதிர்த்து ஆடினார். தங்கம் நிக்கோலுக்கு. சிவசங்கரிக்கு 19 வயதில் வெள்ளி.

2022 ஜூனில் ஒரு சாலை விபத்து அவருடைய தலையிலும் கழுத்திலும் எலும்புகளை முறித்தது. அந்த ஆண்டு காமன்வெல்த் விளையாட்டு கைநழுவியது. மறுபடி ஆட முடியுமா என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எலும்பு கூடியபின் மறுவாழ்வுப் பயிற்சியில் நடப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது பண்டூராவின் பாம்புக் கூடத்தைப் போலவே படிப்படியானது. இன்று கழுத்தை இவ்வளவு திருப்பு. நாளை இன்னும் கொஞ்சம். அடுத்த வாரம் மெதுவாக ஓடு. ஒவ்வொரு படியும் உடல் எழுதித் தரும் ஒரு சான்று. 2023-இல் ஹாங்சோவில் ஆசியத் தங்கம். 2024-இல் லண்டன் கிளாசிக் போட்டியில் உலகின் முதலிடத்திலிருந்த நூர் எல் ஷெர்பினியை வீழ்த்திப் பட்டமும் வென்றார்.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு பயமும் இருக்கிறது எனக்கு. நிக்கோலையும் சிவசங்கரியையும் காட்டி, "அவங்களால முடிஞ்சுது, உனக்கு மட்டும் ஏன் முடியலை" என்று ஒரு பிள்ளையைக் கேட்க இந்த அத்தியாயம் பயன்படக் கூடாது. ஐந்து வயதில் நிக்கோலுக்கு ஒரு கூடம் கிடைத்தது. அழைத்துப் போகப் பெற்றோர் இருந்தார்கள். முன்னால் ஓங் பெங் ஹீ இருந்தார். அடித்த பந்துக்குப் பதில் சொல்லும் சுவர் இல்லாத பிள்ளையிடம் தன்னம்பிக்கை கேட்பது அநியாயம். முயன்றும் எதுவும் மாறாத இடத்தில் அந்தப் பிள்ளையின் மூளை முடங்கச் சொல்வது சரியான கணக்கு. அங்கே மாற்ற வேண்டியது இடத்தை. ஒரு வீட்டில் அது மிகச் சிறியதாக இருக்கலாம்: பிள்ளை முடிவெடுக்கும் ஒரு காரியம், அதன் விளைவைப் பிள்ளையே பார்க்கும்படி விட்டுவைப்பது, அவசரப்பட்டுக் கையைப் பிடித்துச் செய்துகொடுக்காமல் இருப்பது.

கெய்ரோவில் அன்று தோற்றவரைப் பற்றி நான் இன்னும் பேசவில்லை. சொந்த மண்ணில், உலகப் பட்டத்துக்கு ஒரே ஒரு புள்ளி தூரத்தில், நான்கு வாய்ப்புகளை அடுத்தடுத்து இழந்தவர் ரனீம் எல் வெலிலி. பதற்றம் எப்படிக் கையைக் கட்டும் என்பதற்குப் பாடநூலில் சேர்க்கத்தக்க தோல்வி அது. ஆனால் 10–6 வரை வந்ததும் அவருடைய கைதான். அந்தச் சான்றை யாரும் அழிக்க முடியவில்லை. ஒன்பது மாதம் கழித்து, 2015 செப்டம்பரில், நிக்கோலின் 108 மாத முதலிடத்தை முடித்துவைத்து அந்த இடத்தில் ஏறியவர் ரனீம். 2017 டிசம்பரில், மான்செஸ்டரில், உலகப் போட்டியின் இறுதியாட்டத்தில் மறுபடி நின்றார். எதிரே நூர் எல் ஷெர்பினி. முதல் கேம் போய்விட்டது. ரனீம் மறுபடி கூடத்துக்குள் நடந்தார். அடுத்த மூன்றையும் வென்றார்.